முன்னாள் படைவீரர் சங்க டிரம்–ஃபுளூட் பேண்ட்: சத்தம் சேரவில்லை, கால் சேரவில்லை, சின்னத்தில் தகராறு

கேள்வி — தாலுகா செயலாளர்

வணக்கம். எங்கள் தாலுகா முன்னாள் படைவீரர் சங்கத்தில் டிரம்–ஃபுளூட் பேண்ட் ஒன்று சேர்த்திருக்கிறோம். டிசம்பர் 7 கொடி நாள், டிசம்பர் 16 விஜய் திவஸ், ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம், மூன்றுக்கும் ஊர்வலத்தின் முன்னால் போக வேண்டும். பேண்டில் 16 பேர், வயது 48 முதல் 71 வரை. பட்டாளத்து பேண்டில் வாசித்தவர்கள் அதில் மூன்று பேர்தான். பேண்டுக்குப் பின்னால் மும்மூன்று பேராக சுமார் 40 பேர் நடப்பார்கள்.

கையில் இருப்பவை: 14 அங்குல சைடு டிரம் ஆறு, 28 அங்குல பேஸ் டிரம் ஒன்று, சிம்பல் ஒரு ஜோடி, ஆறு துளை உலோகக் குழல் நான்கு, மூங்கில் புல்லாங்குழல் இரண்டு, பியூகிள் (ஊதுகொம்பு) இரண்டு, பெல் லயர் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிப்பது) ஒன்று. எல்லாம் நட்டு முடுக்கும் வகை, பிளாஸ்டிக் தோல்.

சிக்கல்கள் இவை. இரண்டு சைடு டிரம் தகர டப்பா மாதிரி கேட்கிறது, எவ்வளவு முடுக்கினாலும் சரியாகவில்லை. உலோகக் குழல் நான்கும் ஓரளவு சேர்கின்றன, மூங்கில் இரண்டும் சேரவே இல்லை. ‘பி ஃபிளாட் என்றால் ஆறரைக் கட்டை’ என்று கணக்குப் பார்த்துத்தான் வாங்கினோம். மைதானத்தில் நன்றாக நடப்பவர்கள், மேடை அருகே மட்டும் பின்வரிசையில் கால் மாறிவிடுகிறார்கள்.

கடைசியாகச் சின்னம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஏழு பேர், மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் பிரிவு) நான்கு பேர், ஆர்ட்டிலரி (பீரங்கிப்படை), சிக்னல்ஸ், இ.எம்.இ. (மின்–இயந்திரப் பொறியாளர் பிரிவு), நேவி என்று மற்றவர்கள். பேஸ் டிரம்மில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் யானையா, சாப்பர்ஸ் சின்னமா என்று இரண்டு கூட்டம் வாக்குவாதத்திலேயே முடிந்தது. மூன்று சிங்கம் போடலாம், மூவர்ணம் பூசலாம் என்றும் யோசனை வருகிறது. எது முறை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 — தோல்வார்

செயலாளர் ஐயா, முதல் வேலையாக ஆறு சைடு டிரம்மில் இரண்டை அறையில் வைத்துப் பூட்டுங்கள். ஆறு குழலுக்கு ஆறு சைடு டிரம் என்றால், ஊதுகிறவர் கன்னம் உப்புவது மட்டும்தான் ஊருக்குத் தெரியும். எட்டுக் குழல், நான்கு சைடு டிரம், ஒரு பேஸ், ஒரு சிம்பல், ஒரு டெனர் டிரம், முன்னால் வழிநடத்தும் டிரம் மேஜர். கூட்டினால் உங்கள் 16 பேர். நால்வர் நால்வராக நிறுத்தினால் இரண்டு வரிசை குழல், ஒரு வரிசை சைடு டிரம், கடைசி வரிசையில் பேஸ் நடுவில், சிம்பலும் டெனரும் இருபுறம்.

இனி தகர டப்பா. டிரம்மைத் திருப்பி, முடுக்கும் கம்பி எங்கே முடிகிறது என்று பாருங்கள். விலை குறைந்த டிரம்களில் ஒரே கம்பி மேல் வளையத்திலிருந்து கீழ் வளையம் வரை போகும். அதை முடுக்கினால் மேல் தோலும் கீழ் தோலும் சேர்ந்தே இறுகும், தனித்தனியாகச் சுருதி வைக்க முடியாது. அந்த வகையில் கீழே கண்டிப்பாக மெல்லிய தோல்தான் இருக்க வேண்டும். கிழிந்தபோது யாராவது மேல் தோலையே கீழேயும் போட்டிருந்தால், அதை ஒட்டியிருக்கும் கம்பிச் சரம் (ஸ்னேர்) அதிராது. எவ்வளவு முடுக்கினாலும் டப்பா டப்பாதான். விரலால் தட்டினாலே தடிமன் தெரிந்துவிடும். மாற்றுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே போய்விடும்.

தோல் சரியாக இருந்தால் முடுக்கும் வரிசையைப் பாருங்கள். எட்டு கம்பி என்றால் வட்டமாக 1, 2, 3 என்று முடுக்கக் கூடாது, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வளையம் கோணும். எதிரெதிராக 1, 5, 3, 7, 2, 6, 4, 8. ஒரு சுற்றுக்கு அரைத் திருகல். விரல் இறுக்கம் வந்தபின் கால் திருகல் போதும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு, ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே, ஒவ்வொரு கம்பிக்கும் நேராகக் குச்சியால் மெதுவாகத் தட்டுங்கள். மிருதங்கத்துக்குக் கல் எடுத்துத் தட்டிப் பார்ப்பார்களே, அதே காது வேலைதான். எட்டு இடத்திலும் ஒரே ஒலி வர வேண்டும். ஓர் இடம் தாழ்ந்திருந்தால் அதை மட்டும் ஏற்றாமல் எதிர்க் கம்பியையும் தொட்டுப் பாருங்கள்.

தோலைச் சரிசெய்யும்போது கீழே உள்ள கம்பிச் சரத்தை லீவரால் தளர்த்தி வையுங்கள். தோல் முடிந்தபின் சரத்தை மாட்டி, அது நடுவில் இருக்கிறதா, இருபுறக் கயிறும் ஒரே நீளமா என்று பாருங்கள். ஒரு பக்கம் அரை அங்குலம் தள்ளி இருந்தாலே பாதிக் கம்பி தோலைத் தொடாமல் அந்தரத்தில் ஆடும். பிறகு திருகை மெல்ல ஏற்றுங்கள். சளசளப்பு அடங்கி, சிறு தட்டலுக்கும் ‘டக்’ என்று மிருதுவாக வெடிக்கும் இடம் ஒன்று வரும். அதைத் தாண்டினால் சத்தம் தொண்டையில் மாட்டிய மாதிரி ஆகும். பேஸ் அடிக்கும்போது சைடு டிரம் தானாகச் சிணுங்குவதை யாராலும் நிறுத்த முடியாது. வாசிக்காமல் நிற்கும்போது, முக்கியமாக உரை, மௌன அஞ்சலி நேரங்களில், லீவரைத் தள்ளிவிடுவதுதான் வழி.

தோள்வார் வலது தோளில், டிரம் இடது பக்கம், வலப்புறம் சரிந்து தொங்கும். அந்தச் சரிவுக்காகத்தான் இடக்கைப் பிடி வேறு: குச்சி கட்டைவிரல் கவட்டையில் உட்கார்ந்து, மோதிர விரல் மேல் சாய்ந்திருக்கும். வலக்கை சுத்தியல் பிடி. டிரம்மில் தொடைக்கு முட்டுக் கொடுக்கும் வளைந்த கம்பி இல்லாமல் வந்திருந்தால் வாங்கிப் பொருத்துங்கள். அது இல்லாமல் 60 வயதுக்காரர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் டிரம் தொடையில் மோதி மோதி நடையே நொண்டியாகும்.

பயிற்சிக்கு டிரம்மே வேண்டாம். ஒட்டுப்பலகையில் பழைய டயர் டியூப் துண்டை ஒட்டி, மேசை மேல் வைத்து, வலது வலது, இடது இடது என்று மெதுவாகத் தொடங்கி வேகம் ஏற்றுவது. ரோல் என்பது இந்த இரட்டைத் தட்டல்தான். நான்கு பேரும் ஒரே உயரத்துக்குக் குச்சி தூக்குகிறார்களா என்று பாருங்கள். உயரம் வேறானால் சத்தமும் வேறாகும். குச்சி வாங்கும்போது கடை மேசையில் உருட்டிப் பாருங்கள், கோணல் குச்சி குதிக்கும்.

பதில் 2 — ஆறு துளை

குழல் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. ஆனால் கணக்கு வேறு.

பி ஃபிளாட் என்றால் ஆறரைக் கட்டை, சரி. ஆனால் கர்நாடகப் புல்லாங்குழலில் கட்டை என்பது ஸட்ஜத்தைக் குறிக்கிறது. முதல் இரண்டு துளையை மூடினால் வருவது ஸ. ஆறையும் மூடினால் வருவது மந்தர மத்தியமம். பட்டாளத்து ஆறு துளைக் குழலில் வழக்கம் வேறு. ஆறையும் மூடினால் வருவதுதான் அதன் அடிச் சுரம், அங்கிருந்துதான் மெட்டு ஏறும். ஆகவே உங்கள் ஆறரைக் கட்டை மூங்கிலில் ஆறையும் மூடினால் ஈ ஃபிளாட் வரும். பக்கத்தில் நிற்கும் உலோகக் குழலில் ஆறையும் மூடினால் பி ஃபிளாட். ஒரே விரல், இரண்டு சுரம். எப்படிச் சேரும்? ஆறு மூடி பி ஃபிளாட் வர வேண்டுமென்றால் நான்கு கட்டை மூங்கில் வேண்டும். அதை வாங்கினாலும் உலோகக் குழலோடு கலக்காதீர்கள். துளை வைப்பு வேறு, ஒலியின் குணமும் வேறு, வீதியில் மூங்கில் அமுங்கிப் போகும். அந்த இரண்டையும் விற்றுவிட்டு, மற்ற நான்கும் எந்தத் தயாரிப்போ அதே தயாரிப்பில் இன்னும் நான்கு வாங்குங்கள். மீரட்டில் ஜலி கோத்தி பேண்ட் கருவிகளுக்கென்றே பெயர் பெற்ற பகுதி. மொத்தமாக வாங்கும் பள்ளி, பேண்ட் செட்டுகளுக்கு அங்கிருந்துதான் நிறைய வருகிறது. தபாலில் வாங்கினால் ‘எட்டும் ஒரே அச்சில்’ என்று எழுதிக் கேளுங்கள்.

வந்ததும் சோதிக்க வேண்டியது: போனில் டியூனர் செயலி போட்டு, ஆறும் மூடி, மூன்று மூடி, எல்லாம் திறந்து, மூன்று நிலையிலும் ஒவ்வொரு குழலையும் ஒரே ஆள் ஊத வேண்டும். ஆள் மாறினால் உதடு மாறும், கருவியின் குறை தெரியாது. மேல் ஸ்தாயி மட்டும் கூடவோ குறையவோ இருந்தால் தலைப்பக்கத் தக்கை நகர்ந்திருக்கும். தக்கையின் உள்முகம் ஊதுதுளையின் நடுவிலிருந்து குழலின் உள்விட்டம் அளவு தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு குச்சியில் கோடு போட்டு உள்ளே விட்டு, ஊதுதுளை வழியே பார்த்தால் தெரிந்துவிடும். தள்ளும்போது முறுக்கித் தள்ளுங்கள், குத்தாதீர்கள்.

குளிர்ந்த குழல் தாழ்ந்துதான் பேசும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் சுருதி சுமார் 3 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறும். காலை 18 டிகிரியில் ஒத்திகை, மதியம் 32 டிகிரியில் ஊர்வலம் என்றால் 14 டிகிரி வித்தியாசம், 42 சென்ட், கிட்டத்தட்ட கால் சுரம். எட்டுக் குழலும் சேர்ந்து ஏறுவதால் யாருக்கும் தெரியாது. ஆனால் உங்கள் பெல் லயர் இருந்த இடத்திலேயே நிற்கும். மதிய ஊர்வலத்தில் அது தனியாகக் கழன்று கேட்கும். அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுங்கள், குழந்தைகள் சந்தோஷப்படுவார்கள்.

வயதுக்கு ஏற்ற இரண்டு விஷயம். ஒன்று மூச்சு. எட்டு பேரும் வரி முடிவில் சேர்ந்து மூச்சு இழுத்தால் அங்கே ஓட்டை விழும். ஒற்றைப்படை எண்காரர்கள் நான்காம் அளவு (பார்) முடிவில், இரட்டைப்படைக்காரர்கள் ஆறாம் அளவு முடிவில் என்று தாளிலேயே குறித்துக் கொடுங்கள். இரண்டு பல்செட். குழலுக்குப் பல்செட் பெரிய தடை இல்லை, உதட்டில் அழுத்தம் குறைவு. ஆனால் மேல் செட் தளர்ந்திருந்தால் மேல் ஸ்தாயி நடுங்கும். பல்செட் ஒட்டும் பசை போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். பியூகிள் அப்படி இல்லை, ஊதுவாய் நேராக முன்பல்லில் அழுத்தும். அதைச் சொந்தப் பல் உள்ளவருக்கே கொடுங்கள்.

மெட்டு நான்கு போதும். டிரம் முன்னால் கீழ் ஸ்தாயி கேட்காது, அதனால் மெட்டை மேல் ஸ்தாயியில் உட்காரும்படி அமைக்க வேண்டும். ‘கதம் கதம் படாயே ஜா’ நல்ல தொடக்கம். நேதாஜியின் ஐ.என்.ஏ.வுக்காக (இந்திய தேசிய ராணுவம்) ராம் சிங் தாகூரி மெட்டமைத்தது. அந்தப் படையில் மலாயா, பர்மா தமிழர்கள் நிறையப் பேர் இருந்ததால் நம் ஊர்க் கூட்டத்துக்கும் உறவுண்டு. பேராசிரியர் ஏ. லோபோ குவிக் மார்ச்சாக அமைத்த ‘சாரே ஜஹான் ஸே அச்சா’ இரண்டாவது. தேசிய கீதம் முழு வடிவம் சுமார் 52 விநாடி. அதைவிட நீண்டால் வேகம் விழுந்துவிட்டது என்று அர்த்தம், கடிகாரம் வைத்துப் பழகுங்கள்.

பதில் 3 — கதம் தால்

மேடை அருகே மட்டும் கால் மாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அந்த ‘மட்டும்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது.

மைதானத்தில் சுவர் கிடையாது. மேடை அருகே அலுவலகக் கட்டடமோ காம்பவுண்டு சுவரோ இருக்கும். சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். சுவர் 45 மீட்டர் தள்ளி இருந்தால் பேஸ் அடி போய்த் திரும்ப 90 மீட்டர், கால் விநாடிக்குச் சற்றுக் கூடுதல். நிமிடத்துக்கு 110 காலடி வேகத்தில் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடையே 0.55 விநாடி. எதிரொலி சரியாக இரண்டு காலுக்கு நடுவில் வந்து விழுகிறது. பேண்டை ஒட்டி நடக்கிறவருக்கு நேர் அடி பலமாகக் கேட்பதால் பிரச்சினை இல்லை. பின்வரிசைக்காரருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பலம். ஒருவர் எதிரொலியைப் பிடித்தால் அவர் பின்னால் நாலு பேர் தொற்றிக்கொள்வார்கள். இதில் மேடை மைக்கும் பேண்டை வாங்கி ஒலிபெருக்கியில் விட்டால் மூன்றாவது பேஸ் டிரம் சேர்ந்துவிடும்.

செய்ய வேண்டியது: பேண்ட் வரும்போது மேடை மைக்கை அணைக்கச் சொல்லுங்கள், அறிவிப்பாளர் கோபித்தாலும் பரவாயில்லை. அணியின் நடுவில், அதாவது ஏழாம் வரிசை ஓரத்தில், குரல் உள்ள ஒருவரை வைத்து ‘பாயாங்… பாயாங்’ என்று இடது காலுக்கு மட்டும் சொல்ல வையுங்கள். பேண்டுக்கும் அணிக்கும் இடைவெளி பத்துப் பன்னிரண்டு தப்படிக்கு மேல் வேண்டாம். 40 பேர் மும்மூன்றாக என்றால் 14 வரிசை, நீளம் ஏறத்தாழ 14 மீட்டர், கடைசி ஆளுக்குப் பேஸ் அடி 0.07 விநாடி தாமதமாகப் போகும். பக்கத்திலிருந்து பார்த்தால் சின்ன அலை மாதிரி தெரியும், அதைத் தவிர்க்க முடியாது. இடைவெளியை 30 மீட்டர் ஆக்கினால் அலை அசிங்கமாகத் தெரியும்.

அடுத்து வேகம். குவிக் மார்ச் நிமிடத்துக்கு 120 காலடி, 30 அங்குலத் தப்படி என்பது நமக்கெல்லாம் ரத்தத்தில் ஊறியது. 71 வயது முழங்காலுக்கு அது தெரியாது. 108 முதல் 112க்குள், 27 அங்குலத் தப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். மீசை முறுக்கி 120இல் தொடங்கினால் நூறாவது மீட்டரில் குழல்காரர்களுக்கு மூச்சு போய், மெட்டு இழுத்து, பேஸ்காரர் மெட்டைத் துரத்திக்கொண்டு தானும் இழுப்பார். பேஸ் எந்நாளும் மெட்டைக் கேட்டு வாசிக்கக் கூடாது. முன்வரிசையின் இடது குதிகாலைப் பார்த்து வாசிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் பேஸ்காரருக்கு மட்டும் காதில் மெட்ரோனோம், குழலே வேண்டாம், டிரம்மும் காலும் மட்டும்.

எங்கே மெட்டைத் தொடங்குவது என்பதையும் அளந்து வையுங்கள். 16 அளவு கொண்ட இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இரு முறை. அளவுக்கு இரண்டு காலடி. மொத்தம் 128 காலடி. 27 அங்குலத் தப்படியில் 288 அடி தூரம், 110 வேகத்தில் 70 விநாடி. மேடையின் நடுவிலிருந்து பின்னோக்கி 150 அடி அளந்து சாலையோரம் சுண்ணாம்புக் கோடு போட்டு, டிரம் மேஜர் அந்தக் கோட்டில் மெட்டைத் தொடங்கினால் மேடையைத் தாண்டும்வரை மெட்டு மாற்றம் வராது. மெட்டு மாறும் இடைவெளியில்தான் பாதிப் பேருக்குக் கால் போகிறது. இரண்டு மெட்டுக்கு நடுவே எட்டு அளவு தனி டிரம் வாசிக்க வேண்டும். பேஸ் ஒரு கணமும் நிற்கக் கூடாது.

தொடக்கம்: ‘தேஜ் சல்’ (குவிக் மார்ச்) என்றதும் மூன்று அடிக்கு ரோல், நான்காம் அடி மௌனம், மறுபடி மூன்று அடி ரோல், ஒரு மௌனம். எட்டு அடி முடிந்து ஒன்பதாவது இடது கால், அங்கே மெட்டு. அதீத எடுப்பு உள்ள மெட்டானால் அந்த முன்சுரம் எட்டாம் அடியின் மௌனத்தில் வரும், ரோலோடு முட்டாது. நிறுத்தம்: பகுதி முடிய இரண்டு அளவு இருக்கும்போது பேஸ் இரட்டை அடி கொடுக்க வேண்டும். அதுதான் எல்லோருக்கும் எச்சரிக்கை. டிரம் மேஜர் கையிலுள்ள மேஸ் கோலைத் தூக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள், நாலாவது வரிசைக்கு முன்னால் பத்து தொப்பி மறைத்துக்கொண்டிருக்கும்.

பதில் 4 — பழைய பதிவேடு

சின்னத் தகராறுக்கு வருகிறேன். முதலில் ஓர் அளவு நாடா எடுங்கள்.

நடக்கும் பேண்டில் பேஸ் டிரம்மின் தோல்கள் இடமும் வலமும் பார்த்திருக்கும். முன்னால் பார்ப்பது மரச் சட்டத்தின் பக்கம். தோலில் வரைந்தால் சாலையின் இருபுறமும் நிற்பவருக்கு மட்டும் தெரியும், அதிலும் வாசிப்பவரின் கையும் அடிகோலும் மறைக்கும். பெயின்ட் தடித்தால் தோல் மந்தமாகும், சில வாரத்தில் உதிரும். ஆகவே இடம் சட்டம்தான். 28 அங்குல விட்டத்துக்குச் சுற்றளவு சுமார் 88 அங்குலம். பத்து முடுக்குக் கம்பி என்றால் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே 8.8 அங்குலம். ஓரம் விட்டால் ஏழு அங்குலத்துக்குள் ஒரு சின்னம். முன்னால் பார்ப்பவருக்கு நன்றாகத் தெரிவது ஒரே ஒரு கட்டம், பக்கத்தில் இரண்டு சாய்வாக. ஆறு படைப்பிரிவுச் சின்னத்தை எங்கே வைப்பீர்கள்? இதைக் கூட்டத்தில் டிரம்மை நிறுத்திக் காட்டினாலே பாதி வாதம் அடங்கும்.

மீதிப் பாதிக்கு முறை என்ன என்று பார்ப்போம். டிரம்மில் சின்னமும் போர்ப்பெருமைகளும் எழுதுவது பிரிட்டிஷ் காலாட்படை வழக்கம், நம் படைப்பிரிவுகளுக்கும் வழிவழியாக வந்தது. அந்த டிரம் பணியில் இருக்கும் படைப்பிரிவின் சொத்து, அதன் பதிவேட்டில் உள்ள பெருமை. சங்கத்து டிரம் அதுவல்ல. யானைச் சின்னம் 1803இல் அசாய்ப் போரில் பெற்றது, மெட்ராஸ் ரெஜிமெண்ட் தன் பிறந்த நாளை 1758 டிசம்பர் 4இலிருந்து எண்ணுகிறது, சாப்பர்ஸ் 1780இலிருந்து. இரண்டு பக்கத்துக்கும் பெருமைப்பட நிறைய இருக்கிறது, அதனால்தான் ஒன்றை எழுதி மற்றதை விட முடியாது. ‘யார் பழையவர்’ என்று வரிசை போடத் தொடங்கினால், ராணுவ முன்னுரிமை வரிசையில் ஆர்ட்டிலரியும் இன்ஜினியர்ஸும் காலாட்படைக்கு முன்னால் வருவதை யாராவது எடுத்துக்காட்டுவார்கள். பிறகு அந்தக் கூட்டமும் நடக்காது.

டிரம்மின் மரச் சட்டத்தில் சங்கத்தின் பெயர், தாலுகா, தொடங்கிய ஆண்டு, இவ்வளவு போதும். வளையங்களுக்கு ஒரே நிறம். மூன்று சிங்கம் வேண்டாம்: அரசுச் சின்னத்தைத் தனியார் அமைப்பு பயன்படுத்த 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை இருக்கிறது. மூவர்ணத்தைக் கொடி வடிவில், அசோகச் சக்கரத்தோடு டிரம்மில் பூசுவதும் வேண்டாம். கொடியை அலங்காரத் துணியாகப் பயன்படுத்துவதையே கொடி விதிகள் ஏற்பதில்லை, அடிகோல் படும் இடத்தில் அது கூடவே கூடாது.

படைப்பிரிவுப் பெருமை எங்கே தெரிய வேண்டும் என்றால், ஆளிடம். அவரவர் பெரே தொப்பி, அவரவர் தொப்பி பேட்ஜ், இடது மார்பில் பதக்கம். டிசம்பர் 4 போன்ற நாளுக்கு அந்தப் படைப்பிரிவின் சின்னம் உள்ள கழற்றும் துணி உறை ஒன்று, முன்பக்கக் கட்டத்தில் நாடாவால் கட்டும்படி. வெலிங்டனிலோ பெங்களூரிலோ உள்ள ரெஜிமெண்டல் சென்டருக்கு எழுதி, சின்னத்தின் சரியான வடிவத்தையும் அனுமதியையும் வாங்கிக்கொண்டு தைக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் படத்தைக் கொடுத்தால் தையற்காரர் யானையின் துதிக்கையை எந்தப் பக்கமும் திருப்பிவிடுவார். பார்த்ததும் முதலில் சண்டைக்கு வருவது அந்த ஏழு பேர்தான்.

இன்னொன்று, டிசம்பர் 16க்கு. நினைவஞ்சலியில் மேசைக்குப் பதிலாக டிரம் பீடம் வைக்கலாம். போர்க்களத்தில் பீடம் இல்லாத இடத்தில் டிரம்களை அடுக்கி வழிபட்ட பழைய வழக்கம், படைக்கொடி வழங்கும் விழாவில் இன்றும் உண்டு. நான்கு சைடு டிரம்மை நிமிர்த்திச் சதுரமாக ஒட்டி வைத்தால் பக்கத்துக்கு 14 இரண்டு, 28 அங்குலம். அதன்மேல் உங்கள் 28 அங்குலப் பேஸைப் படுக்க வைத்தால் அளவெடுத்தாற்போல் உட்காரும். கம்பிச் சரங்களைத் தளர்த்தி, தொடை முட்டுகளைக் கழற்றிவிடுங்கள், எடை வளையத்தில் இறங்க வேண்டும், தோலில் இறங்கக் கூடாது. மேலே வெள்ளைத் துணி, மலர்வளையம், நான்கு மத நூல்கள். எல்லாப் படைப்பிரிவும் ஒரே பீடத்தின் முன் நிற்கும்.

தாலுகா செயலாளர்

அனைவருக்கும் நன்றி. இரண்டு டிரம்மிலும் கீழே தடித்த தோல்தான் இருக்கிறது, தோல்வார் ஐயா சொன்னது சரி. நேவிக்காரர் அளவு நாடாவை ஏற்கெனவே எடுத்துவிட்டார்.

மேலும் இரண்டு கேள்வி. பியூகிள் இரண்டையும் குழலோடு சேர்த்து ஊதலாமா? ஒருவர் கன்றுத்தோல் போட்ட பழைய கயிற்று டிரம் ஒன்றைச் சங்கத்துக்குக் கொடுக்கிறார். டிசம்பர் பனியில் அதைப் பயன்படுத்தலாமா?

ஆறு துளை

பியூகிளில் வால்வு கிடையாது, அழைப்புகளுக்கு வருவது ஐந்து சுரம்தான். குழல் மெட்டோடு சேர்த்தால் பாதி இடத்தில் ஊதாமல் நிற்க வேண்டும், மீதி இடத்தில் மெட்டை விழுங்கிவிடும். மலர்வளையம் வைத்ததும் லாஸ்ட் போஸ்ட் (அஞ்சலி அழைப்பு), மௌனம், பிறகு ரௌஸ் (எழுப்பும் அழைப்பு). அதற்கு மட்டும் வையுங்கள், ஒருவர் ஊத ஒருவர் மாற்றாள். ஊதுவாயைப் பத்து நிமிடம் முன்பே பாக்கெட்டில் வைத்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த உதட்டோடு முதல் சுரம் உடைந்தால் மைதானமே திரும்பிப் பார்க்கும்.

தோல்வார்

கன்றுத்தோல் பனியில் ஈரத்தை இழுத்துத் தளரும். வாசிப்பதற்காக, கயிற்றில் கோத்திருக்கும் தோல் காதுகளை (இறுக்கும் பட்டைகளை) கீழே இழுத்து இறுக்குவீர்கள். பத்து மணி வெயிலில் தோல் காயும், இறுகும், அந்தக் கூடுதல் இறுக்கமும் சேர்ந்து ஓரத்தில் கிழியும். அதனால் ஊர்வலம் முடிந்த கையோடு காதுகளை எதிரெதிராகப் பாதி மேலே தள்ளிவிட வேண்டும். முழுக்கத் தளர்த்தாதீர்கள், தோல் சுருங்கி வளையத்தின் வடிவம் போய்விடும். நிழலில் காய வையுங்கள், வெயிலில் வேண்டாம், ஹீட்டர் பக்கமும் வேண்டாம். கயிறு நைந்திருக்கிறதா என்று வளையத்தைத் தாண்டும் மடிப்பில் விரல் வைத்துப் பாருங்கள், அறுவது அங்கேதான். இதை வரிசையில் மற்ற மூன்றோடு சேர்க்காதீர்கள், ஒலி வேறு. டிசம்பர் 16 அன்று பீடத்தின் முன்னால் தனியாக ஒருவர் இதில் ரோல் வாசிக்கட்டும்.

புதுக் கீழ்த்தோல் வாங்கும்போது 14 அங்குலம் என்று மட்டும் சொல்லாமல் பழைய வளையத்தையே கடைக்கு எடுத்துப் போங்கள். சட்டத்தின் வெளிவிட்டமா, வளையத்தின் உள்விட்டமா என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.